செல்லி எந்த ஊர்ப் பிள்ளை

1

போன வருஷம் கோப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் உங்களுக்கு எழுதி அனுப்பிய குறிப்பில் ஒரு வரி பொய். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வரியை நம்பி ஒரு மனிதர் கடல் தாண்டி வந்துவிட்டார். ஆகவே இந்த மாதம் கண்டிக் குளிரும் கிடையாது, பெரஹரா ஊர்வல யானையும் கிடையாது. ஆராதனை முடிந்ததும் உபதேசியார் இதை வாசிப்பார். பின்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். இரண்டாம் தரம் எழுத எனக்குத் தைரியம் வராது.

புதிதாகச் சபைக்கு வந்தவர்களுக்காக ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். கண்டிக் குளத்துக்கு மேலே ஒரு மேட்டில், ஒரு துரைசானி அம்மாள் பிள்ளைகள் இல்லம் ஒன்றை நடத்துகிறார். கோப்பித் தோட்டங்களுக்கு வரும் வழியில் தாய் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகள், அவற்றில் கண் தெரியாதவை, கை கால் வழங்காதவையும் சேர்த்து, இருபது சொச்சம் பேர் அங்கே இருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு உபகாரி உண்டு. சிலருக்குச் சீமையில், சிலருக்குக் கொழும்பில். செல்லி என்ற பிள்ளைக்கு நம் சபைப் பெண்கள்தான் உபகாரி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைக்கிறீர்களே, அந்த அரிசிதான் இங்கே அவளுக்குச் சோறும் துணியுமாக வருகிறது.

செல்லி வந்து மூன்று வருஷம் ஆகிறது. வந்தபோது ஏழு வயதிருக்கும். ஏதோ காய்ச்சலில் இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே சூம்பிப் போனவள், தரையில் தேய்ந்து காலெல்லாம் புண். அக்குறணையில் ஒரு முஸ்லிம் வியாபாரி காலையில் கடை திறக்க வந்தபோது, வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தாளாம். கூலி ஆட்கள் மாத்தளையிலிருந்து கூட்டம் கூட்டமாக நடந்து வரும் பாதை அது. யாரோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சாப்பிடக் கொடுத்து, கண்டிக்கு வந்த மாட்டு வண்டியில் ஏற்றி இல்லத்துக்கு அனுப்பினார். ஊர் எது, அம்மா எங்கே, அப்பா எங்கே என்று யார் கேட்டாலும் செல்லியிடம் ஒரே பதில்தான். யாருமில்லை.

இப்போது அந்தப் பொய். போன வருஷம் ஊரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பிள்ளை எந்தப் பக்கத்துப் பிள்ளை, யார் வகை என்று பெண்கள் கேட்கிறார்கள், முன் போலக் கலயம் நிறைவதில்லை என்று உபதேசியார் எழுதியிருந்தார். உபகாரி இல்லாத பிள்ளையைக் கிறிஸ்துமசுக்குப் பிறகு கொழும்பில் உள்ள ஏழைகள் விடுதிக்கு அனுப்பிவிடுவது இங்கே வழக்கம். நடக்க முடியாத பிள்ளை அங்கே போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். யோசித்துவிட்டு இப்படி எழுதினேன்: இவள் முகத்தில் நம் தாமிரபரணித் தண்ணீர் தெரிகிறது, தாயும் தகப்பனும் நம் பக்கத்திலிருந்து புறப்பட்டு வழியில் பேதி கண்டு மாண்டவர்கள் என்று விசாரித்து அறிந்தேன்.

யாரிடம் விசாரித்தேன்? என் பேனாவிடம்தான். எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்துப் பார்த்து, வரி நன்றாக அமைந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கலயம் நிறைந்தது.

2

இந்த ஆவணியோடு நான் கண்டிக்கு வந்து பன்னிரண்டு வருஷம். வந்த புதிதில் மூன்று வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு. கோப்பிக் கிடங்கில் எழுத்து வேலை. காலை ஆறு மணிக்குக் களத்தில் கோப்பிக் கொட்டையைக் காயப் போடுவார்கள், மழை இருட்டினால் எல்லாரும் ஓடி அள்ளுவார்கள். இந்த ஊரில் ஒரு நாளைக்கு நாலு தரம் மழை இருட்டும். இப்போது இலையில் மஞ்சள் பொடி போல ஒரு நோய் வந்து, துரைமார் முகமும் அதே நிறத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. அது அவர்கள் பாடு.

என் பாடு வேறு. பெரியவன் சாமுவேலுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் சிங்களம், அம்மாவிடம் தமிழ். என்னிடம் பேச்சே குறைவு. போன மாதம் சாப்பிடும்போது, நம்ம ஊரில் இந்நேரம் நடவு முடிந்திருக்கும் என்று சொன்னேன். அவன் தலை நிமிராமல், உங்க ஊர்லயாப்பா என்று கேட்டான். கேலி இல்லை, சந்தேகம்தான் கேட்டான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவன் அம்மா சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

நானும் யோக்கியம் இல்லை. நாற்காலியைக் கதிரை என்கிறேன், காப்பியைக் கோப்பி என்கிறேன். போன தடவை என் குறிப்பை வாசித்தபோது இந்த இரண்டு சொல்லுக்கும் கோயிலே சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். சிரியுங்கள். எந்த ஊர்ப் பிள்ளை என்று இனி யாரைப் பற்றியும் எழுதுவதற்கு முன்னால் நான் என் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன்.

3

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, மழை விட்ட நேரம், கிடங்கு வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். தலையில் ஒரு மூட்டை, காலில் அட்டை கடித்த இரத்தம். பெயர் மாசிலாமணி என்றார். நம் பக்கத்து ஊர்க்காரர். போன வருஷம் சம்பந்தி வீட்டுக்கு வந்தபோது நம் கோயிலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். என் குறிப்பைக் கேட்டிருக்கிறார்.

"நீங்கதான அண்ணாச்சி கண்டிக் கடுதாசி எழுதுதவுக?" என்றார். ஆமாம் என்றேன். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கைகட்டி நின்று, என் வரியை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். இவள் முகத்தில் நம் தாமிரபரணித் தண்ணீர் என்று தொடங்கி, விசாரித்து அறிந்தேன் என்பது வரைக்கும்.

அவருடைய தங்கை, புருஷனோடும் ஒரு பெண் குழந்தையோடும், நாலு வருஷத்துக்கு முன்னால் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஒரு கங்காணி பின்னால் கண்டிக்குப் புறப்பட்டவள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. செத்திருப்பாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. என் வரியைக் கேட்டதும் இவருக்கு, தங்கை போனாலும் பிள்ளை மிச்சம் இருக்கிறது என்று பட்டுவிட்டது. ரயில் இருக்கிறதே, ஏன் நடந்து வந்தீர்கள் என்று கேட்டேன். தங்கை நடந்த பாதையில் நடந்தால் ஒவ்வொரு மடத்திலும் விசாரித்துக்கொண்டு வரலாம் அல்லவா என்றார். மன்னார்க் கரையிலிருந்து கண்டி வரைக்கும் அந்த மனிதர் நிஜமாகவே விசாரித்து வந்திருக்கிறார்.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன். அவர் பேச்சு சாமுவேலுக்குப் பாதி விளங்கவில்லை. மூட்டையைப் பிரித்துக் காட்டினார். பிள்ளைக்கு ஒரு பாவாடை, அவர் மனைவி பின்னிய ஒரு சின்னப் பாய், காகிதத்தில் மடித்த ஒரு ஜோடிக் கம்மல். "காது குத்துனது எம்மடியில வச்சுத்தான் அண்ணாச்சி. தாய்மாமன் நான் இருக்கயில வேற யாரு?" என்றார். என் மனைவி என்னையே பார்த்தாள். அவளுக்கு என் வரியின் கதை தெரியும்.

4

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து இல்லத்துக்குப் போனோம். துரைசானி அம்மாளுக்குத் தமிழ் வரும், வேதப்புத்தகத் தமிழ். நடந்ததைக் கேட்டதும், கர்த்தர் மகா பெரிய காரியம் செய்தார் என்று இரண்டு கையையும் கூப்பினார். செல்லியை அழைத்து வரச் சொன்னார். அவள் இரண்டு கட்டையையும் ஊன்றிக்கொண்டு, இடுப்பை வீசி வீசி வந்து நின்றாள். உன் மாமன் வந்திருக்கிறார் என்று அம்மாள் சொன்னார். செல்லி மாசிலாமணியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

மாசிலாமணி அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அழப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக அவள் தலைமுடியை ஒதுக்கி வலது காதைப் பார்த்தார். பிறகு இடது காதைப் பார்த்தார். இரண்டிலும் குத்திய அடையாளமே இல்லை. முடியைத் திரும்ப ஒழுங்காகத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

அம்மாள் இதையெல்லாம் கவனிக்கவில்லை. உறவினர் வந்து கேட்டால் பிள்ளையைக் கொடுத்துவிட வேண்டும் என்பது இல்லத்தின் விதி. வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப் போகலாம், அதற்குள் துணிமணி தயாராக இருக்கும் என்று அவரே நாளும் குறித்துவிட்டார். செல்லி கட்டையை ஊன்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

குளக்கரையில் நடக்கும்போது மாசிலாமணி நின்றார். "அண்ணாச்சி, நீங்க விசாரிச்சு அறிஞ்சேன்னு எழுதுனீகளே. யாருட்ட விசாரிச்சீக?" என்று கேட்டார்.

சொல்லிவிட்டேன். கலயம், கொழும்பு விடுதி, என் பேனா, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவர் கரைக் கல்லில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையோடுதான் வருவேன் என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இன்றைக்கும் அந்தக் கல்லைக் கடக்கும்போது கூசுகிறது.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு அவரை அரசாங்கக் கச்சேரிக்குக் கூட்டிப் போனேன். தங்கை பெயரைச் சொன்னோம். எந்தக் கங்காணி, எந்தத் தோட்டம், எந்த மாதம் கரை இறங்கினார்கள் என்று கேட்டார்கள். அது தெரிந்தால் நாங்கள் ஏன் அங்கே நிற்கிறோம்? ஒருவர் இன்னொருவரிடம் அனுப்பினார், அவர் ஆஸ்பத்திரியில் கேட்கச் சொன்னார், ஆஸ்பத்திரியில் மாத்தளைக்கு எழுதிப் போடச் சொன்னார்கள். மாசிலாமணி மட்டும் எல்லாரையும் கும்பிட்டார். வரும் வழியில் அக்குறணைக் கடைக்காரர், திருநெல்வேலி ஆட்கள் ஹேவாஹெட்டப் பக்கம் நிறையப் போயிருப்பதாக அவரிடம் சொல்லியிருந்தாராம். தோட்டம் தோட்டமாகப் போய்த் தேடப் போவதாகச் சொன்னார்.

5

புதன்கிழமை மாலை மறுபடியும் இல்லத்துக்குப் போனோம். அம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிட்டு அவர் ஹேவாஹெட்டவுக்குப் புறப்படுவது என்று ஏற்பாடு. அம்மாள் வெளியே போயிருந்தார். தையல் அறையில் செல்லி தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். நான் கதிரையில் உட்கார்ந்தேன், மாசிலாமணி தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

பயப்படாதே, உன்னைக் கூட்டிப் போக மாட்டேன், நான் உன் மாமன் இல்லை என்று அவர் சொன்னார். அவள் ஊசியை நிறுத்தவில்லை. தெரியும் என்றாள். எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டாள். ஹேவாஹெட்ட என்று அவர் சொன்னதும் ஊசி நின்றது. என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு அவரிடம் மெல்லச் சொன்னாள்.

"அங்கதான் எங்காத்தா இருக்கு. மாரின்னு பேரு. சடையன் கங்காணி ஆளுங்க. பாத்தா எங்கால் புண்ணு ஆறிப்போச்சுன்னு சொல்லிருங்க. கட்டை வச்சு நடக்கிறேன், தையல் படிச்சிட்டேன்னு சொல்லுங்க."

மூன்று வருஷமாக அந்தப் பிள்ளையைப் பற்றி மாதாமாதம் உங்களுக்கு எழுதிய எழுத்தன் நான். அவளுக்குத் தாய் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மாசிலாமணி கேட்கக் கேட்க மீதியும் வந்தது. அப்பன் கப்பலேறும் முன்பே செத்துவிட்டான். ஆத்தாள்தான் மன்னாரிலிருந்து அவளை முதுகில் சுமந்து வந்திருக்கிறாள். சுமந்து வருகிறவள் பிந்திப் போகிறாள் என்று கங்காணிக்குக் கோபம். தோட்டத்தில் வேலை செய்கிற ஆளுக்குத்தான் அரிசி, உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குக் கிடையாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான். அக்குறணையில் கடைப் பக்கம் இளைப்பாறியபோது, கண்டியில் அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்க்கிற ஒரு வீடு இருக்கிறது என்று யாரோ பேசியது ஆத்தாள் காதில் விழுந்திருக்கிறது. அநாதைப் பிள்ளைகளை மட்டும்தான் எடுப்பார்கள் என்பதும் விழுந்திருக்கிறது. விடியும் முன்னால் அவளைக் கடை வாசலில் இறக்கி வைத்து, யார் கேட்டாலும் ஆத்தா இருக்கு என்று சொல்லாதே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஏழு வயதுப் பிள்ளை அதை மூன்று வருஷம் காப்பாற்றியிருக்கிறது. வெள்ளிக்கிழமை கப்பலேற்றிவிடுவார்கள், அதற்குப் பிறகு ஆத்தா வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்ற பயத்தில், இரண்டு நாளாக அவள் சாப்பிடவில்லை என்று பிறகு சமையற்காரி சொன்னாள்.

"ஐயா, அம்மாகிட்டச் சொல்லிருவீங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

சொல்ல மாட்டேன் என்றேன். அம்மாள் வந்ததும் என் பங்கை மட்டும் சொன்னேன். காது குத்திய அடையாளம் இல்லை, இவர் மாமன் இல்லை, நான் எழுதிய வரி பொய் என்றேன். அம்மாள் என்னைச் சரியாகக் கண்டித்தார், அவருடைய வேதப்புத்தகத் தமிழில் அது இன்னும் உறைத்தது. உபகாரிகளுக்கு உண்மையை எழுத வேண்டும் என்று கட்டளையிட்டார். செல்லி இல்லத்திலேயே இருக்கட்டும் என்றார்.

6

அந்தக் கட்டளைப்படிதான் இதை எழுதுகிறேன். ஆனால் அம்மாளுக்குத் தெரிந்த உண்மை பாதிதான், உங்களுக்கு முழுவதையும் எழுதிவிட்டேன். ஏனென்றால் அரிசி உங்களுடையது. அநாதைக்கு என்று பிடி பிடியாகப் போடுகிறீர்கள், அவள் அநாதை இல்லை. நம் பக்கத்துப் பிள்ளை என்று போடுகிறீர்கள், அதுவும் நிச்சயம் இல்லை. அவள் ஊர் எது என்று இப்போதும் எனக்குத் தெரியாது, இனி கேட்கப் போவதும் இல்லை. கலயத்தில் அரிசி போடுவதா நிறுத்துவதா என்று நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள். நீங்கள் நிறுத்தினால் அவளைக் கொழும்புக்கு அனுப்புவார்கள். விஷயம் இங்கே அம்மாள் காதுக்கு எட்டினாலும் அவளுக்கு இடம் இல்லை. அவளுடைய வாயைவிட நம் கோயிலின் வாய் பெரியதாக இருந்துவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

மாசிலாமணி போய் மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தார். தங்கையைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்கவில்லை. கம்மல் மடித்த காகிதம் நனைந்து கிழிந்து, வேறு காகிதம் கேட்டு வாங்கி மடித்துக்கொண்டார். அடுத்த வருஷம் மறுபடி வருவேன் என்றார். ஆனால் சடையன் கங்காணியின் ஆட்கள் குடியிருக்கும் லயத்தைக் கண்டுபிடித்திருந்தார். மாரியையும் பார்த்திருந்தார்.

இல்லத்துக்கு மேடு ஏறும்போது நடந்ததைச் சொன்னார். பழக்கூடையோடு நின்ற ஒருத்தியைக் காட்டி, அவள்தான் மாரி என்று சொன்னார்களாம். கண்டியில் உன் பிள்ளை செல்லி சுகமாக இருக்கிறாள் என்று இவர் சொல்லியிருக்கிறார். எனக்குப் பிள்ளையே இல்லையே, நீங்கள் ஆள் மாறி வந்திருக்கிறீர்கள் என்று முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம். இவர் திரும்பி நடந்தபோது பின்னால் யாரோ வருவது போல இருந்திருக்கிறது. அவள்தான். பக்கத்தில் வராமல், பத்தடி தள்ளியே, ஆற்றுப் பாலம் வரைக்கும் வந்தாளாம். வழியில், யாரோ ஒரு பிள்ளையைப் பற்றிக் கேட்பது போல, கால் புண்ணில் சீழ் வருகிறதா, இரவில் போர்த்திக்கொள்ள எதுவும் கொடுக்கிறார்களா, கஞ்சியா சோறா என்று கேட்டுக்கொண்டே வந்தாளாம். பாலத்தில் நின்றுவிட்டாளாம்.

பிள்ளை இல்லை என்று அவள் சொன்னதைச் செல்லியிடம் சொல்ல வேண்டாம், பாலம் வரைக்கும் வந்ததை மட்டும் சொல்வோம் என்று கெஞ்சினேன். சின்னப் பிள்ளை, தாங்காது என்றேன். மாசிலாமணி நின்று என்னைப் பார்த்தார்.

"ஒரு பொய்யக் கேட்டுத்தான் அண்ணாச்சி நான் இம்புட்டுத் தூரம் நடந்தேன். இன்னொண்ணு வேண்டாம்."

செல்லி தையல் அறையில் தனியாக இருந்தாள். இவர் உட்கார்ந்ததும், பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தேன் என்றார். என்ன சொல்லிச்சு என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எனக்குப் பிள்ளையே இல்லன்னு சொல்லிச்சு, தாயி," என்றார் மாசிலாமணி.

திரும்பிப் பார்த்தேன். அவள் முகமெல்லாம் சிரிப்பு. மூன்று வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அப்ப அது எங்காத்தாதான். யாரு வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன்னு சொல்லிட்டுப் போச்சு."

பாலம் வரைக்கும் வந்த கதையைச் சொல்ல அவர் வாயெடுத்தார். அவள் விடவில்லை. ஆத்தா சொன்னதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னார். இன்னொரு தரம் கேட்டாள்.